ஏழு கணவர்களைக் கொன்றவளின் வீட்டுக்காரர்

நான் இதுவரை ஏழு கணவர்களைக் கொன்றிருக்கிறேன். ஏழு பேரையும் நாவலில். வீட்டில் இருப்பவர் ஒரே ஒருவர்தான். லிஃப்ட் மெக்கானிக். ரத்த அழுத்தம்கூடக் கிடையாது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், என் பதிப்பாளருக்கும் தெரியும். இல்லற நல்லிணக்க வாரியத்துக்கு மட்டும் தெரியவில்லை.

நான் எழுதுவது இந்தக் காலத்துக் கணவன் மனைவியரைப் பற்றி. முதல் நாவலில், ஒருத்திக்கு மட்டும் அனுப்ப வேண்டிய கொஞ்சல் செய்தியை ஒருவன் குடியிருப்போர் சங்கக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறான். நூற்றுப் பதினாறு பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள், அவன் மனைவி உட்பட. வெட்கம் தாங்காமல் செத்துப்போகிறான். இரண்டாம் நாவலில், கல்யாண நாள் படம் சந்தோஷமாக வர வேண்டும் என்று தம்பதி மொட்டை மாடியில் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறார்கள். அவள் நின்றுவிடுகிறாள், அவன் இன்னும் ஓர் அடி வைக்கிறான். படம் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான்காம் நாவலில் இருவரும் அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு போனில் மட்டும் பேசிக்கொள்கிறவர்கள். அவனுக்குத் தொண்டையில் ஏதோ சிக்க, ‘காப்பாத்து’ என்று செய்தி அனுப்புகிறான். அவள் ஒரு சிரிக்கும் முகத்தைப் பதிலாகப் போடுகிறாள். இப்படியே ஏழு. படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்ததாகவும், பிறகு பக்கத்தில் படுத்திருந்தவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டதாகவும் கடிதம் எழுதுவார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இவற்றில் ஒன்றையும் படித்ததில்லை. கல்யாணமான வாரமே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவர் லிஃப்டில் நான் கை வைக்கக் கூடாது, என் நோட்டில் அவர் கை வைக்கக் கூடாது. பன்னிரண்டு வருடமாக இரண்டு பேரும் வாக்குத் தவறவில்லை.

பழுப்பு உறையில் கடிதம் வந்த அன்று அவர்தான் பிரித்தார். ‘உயிராபத்தில் உள்ள கணவர் அவர்களுக்கு’ என்று போட்டிருந்தது.

“என்னம்மா இது? எனக்கு ஆபத்தாம். யாரால?”

“என்னாலதான். கீழ படிங்க.”

படித்தார். வாரியத்தின் படிப்புப் பிரிவு என் ஏழு நாவல்களையும் ஆராய்ந்ததாம். ஏழிலும் கடைசி அத்தியாயத்தில் கணவன் இறப்பது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லையாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் ஆஜராக வேண்டுமாம்.

“ஏழு பேரா!” என்றார் என்னை மேலும் கீழும் பார்த்து. “சமையலும் நீதான் பண்றே, துணியும் நீதான் மடிக்கிறே. இதுக்கெல்லாம் உனக்கு எப்ப நேரம் கெடச்சுது?”

வாரியம் ஒரு பெரிய கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தது. காத்திருப்பு அறையில் இரண்டு பெஞ்சு. ஒன்றில் ‘கணவர்கள்’, மற்றதில் ‘மனைவிகள்’. ஒன்று இந்தச் சுவரைப் பார்த்தும் மற்றது அந்தச் சுவரைப் பார்த்தும் போடப்பட்டிருந்தது. நாங்கள் தெரியாமல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டோம். காவலாளி ஓடி வந்து எங்களைப் பிரித்து உட்கார வைத்தார். சுவரில் ஒரு ஜோடிப் புறாவின் படம் இருந்தது. ஆண் புறாவின் மேல் மின் இணைப்புப் பெட்டியை ஆணியடித்திருந்தார்கள்.

உள்ளே தலைவரும் படிப்பு அதிகாரியும் இருந்தார்கள். தலைவர் கனத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர். படிப்பு அதிகாரி ஒல்லியானவர். அவர் முன்னால் என் ஏழு நாவல்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு எழுத்தாளரை இவ்வளவு கவனமாகப் படிக்கிற வாசகர் கிடைப்பது கஷ்டம். எனக்கு ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

“வணக்கம் சார். நான் வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க பேசக் கூடாது மேடம்,” என்றார் தலைவர். “இல்லாததைச் சொல்றதுதான் உங்க தொழில். நீங்க இங்க வாயத் திறந்தா, சட்டப்படி அது வாக்குமூலம் இல்ல, இன்னொரு புத்தகம். அதையும் இவர்தான் படிக்கணும். ஏற்கெனவே அவருக்குக் கண்ணு போச்சு.”

படிப்பு அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, போன கண்ணைக் காட்டினார். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து வாரியத்தின் முன் என் வேலை கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான்.

“மொட்டை மாடிக்குப் போற பழக்கம் உண்டா?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார் படிப்பு அதிகாரி.

“தினமும் போவேன் சார். லிஃப்ட் மோட்டார் அங்கதானே இருக்கு.”

இரண்டு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“விளிம்பு வரைக்கும் போவீங்களோ?”

“விளிம்புல எனக்கு என்ன சார் வேலை? குழிக்குள்ளதான் எறங்குவேன்.”

“எந்தக் குழி?”

“லிஃப்டுக்கு அடியில ஒரு குழி இருக்கும் சார். நல்லா ஆழமா.”

“இது மனைவிக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? டார்ச் எடுத்துக் குடுக்கிறதே அவதான்.”

‘கணவர் அடிக்கடி குழியில் இறங்குகிறார். மனைவி அதற்கு விளக்குப் பிடிக்கிறார்’ என்று படிப்பு அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். வாக்கிய அமைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் வியர்க்க ஆரம்பித்தது. “சார், ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கீங்க. நாங்க சந்தோஷமா இருக்கோம்,” என்றார்.

தலைவர் படிவத்தை எடுத்தார். அதில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. லேசான கசப்பு, நடுத்தரக் கசப்பு, கடுங்கசப்பு, பேச்சுவார்த்தை இல்லை, பேச்சுவார்த்தை மட்டும் இருக்கிறது என்று வரிசையாகப் போயிற்று. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார்.

“சந்தோஷம்னு கட்டம் இல்லையேப்பா,” என்றார் வருத்தமாக.

“‘மற்றவை’ன்னு கடைசியில ஒண்ணு இருக்கு சார்,” என்றார் படிப்பு அதிகாரி.

“அது தீ விபத்துக்கு.”

விஷயம் சிக்கலானது என்பதால் வீட்டை ஆய்வு செய்ய உத்தரவாயிற்று.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. அளவு நாடாவும் விசிலும் கொண்டுவந்தார். விசில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் கூடத்து நாற்காலியில் மூன்று நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தால், முதலில் என் வீட்டுக்காரரைக் குடிக்கச் சொல்லி, கால் மணி நேரம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, ஆறிப்போன தன் டீயைக் குடிப்பார். அவருடைய அறிக்கையின் நகல் பிறகு எங்களுக்கும் வந்தது. ‘தலையணைகளுக்கு இடையே உள்ள இடைவெளி: அளக்க இயலவில்லை. தலையணை ஒன்றுதான் இருக்கிறது. காரணம்: பற்றாக்குறை.’

இரண்டாம் நாள் மதியம் தட்டில் ஒரு முட்டை மிஞ்சியது. நான் என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினேன், அவர் என் பக்கம் தள்ளினார். இப்படியே மூன்று தடவை நடந்தது. ‘மனைவி தரும் உணவைக் கணவர் மூன்று முறை மறுத்தார். விஷ பயம்?’ என்று அறிக்கையில் இருந்தது. முட்டையை ஆய்வாளர் ஆதாரமாகப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, லிஃப்ட் கண்ணாடியில் தெரிந்த தன்னையே பார்த்து ஒரு பெரியவர் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், இடிக்கிறீங்க’ என்று சண்டைக்குப் போனதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, “இதுல என்ன இருக்கு?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஆய்வாளர் முழுக்கக் கேட்டுவிட்டு எழுதினார்: ‘சிரிப்பு. காரணம் போதுமானதாக இல்லை.’

இதற்குள் விசாரணை உறவுக்காரர்கள் வரை போய்விட்டது. நாத்தனார் போன் செய்தார்.

“தம்பி உயிரோட இருக்கானா?”

“பல் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு அண்ணி. குடுக்கவா?”

“வேண்டாம், இருக்கட்டும். ஆறாவது கதையில சாப்பிடும்போது சத்தம் போடறானே ஒருத்தன், அவன் நம்ம தம்பிதானேன்னு ஒரு அதிகாரி வந்து கேட்டாரு. நான் தெரியாதுன்னுட்டேன். அவன்தானே?”

“இல்ல அண்ணி.”

“அப்ப யாரு?”

அது நாத்தனாரின் சொந்தக் கணவர். நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு. தலைவர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு ரப்பர் முத்திரைகளை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்றில் ‘பிரிந்தார்கள்’, மற்றதில் ‘சேர்ந்தார்கள்’.

“உங்க மேல ஒரு கோப்பு திறந்தாச்சு,” என்றார். “திறந்ததை மூடணும். மூடணும்னா முத்திரை வேணும். எங்ககிட்ட இருக்கறது இந்த ரெண்டுதான்.”

“அப்ப சேர்ந்தார்கள்னு குத்திடுங்க சார், நாங்க கெளம்பறோம்,” என்றார் என் வீட்டுக்காரர்.

“எப்படிக் குத்தறது? நீங்கதான் பிரியவே இல்லையே! பிரியாதவங்களச் சேர்த்து வெச்சதா எழுதினா அது மோசடி. தணிக்கைக்காரன் என் கழுத்தைப் பிடிப்பான். அதனால மொதல்ல தொண்ணூறு நாள் பிரிஞ்சிருங்க. அப்புறம் முறைப்படி வாங்க, விழா வெச்சுச் சேர்த்து வைக்கிறோம்.”

“நல்லா இருக்கறவங்கள எதுக்கு சார் பிரிக்கணும்?”

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகவே அவரை நியமித்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

“தம்பி, இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு இருபது ஜோடி சேர்ந்தா பெரிய விஷயம். போன வருஷம் நாலாயிரத்து முந்நூறு ஜோடிய சேர்த்து வெச்சிருக்கோம். எப்படி? பிரிவினைய ஒழுங்குபடுத்தினோம். முன்னெல்லாம் ஜனங்க தானாப் பிரிஞ்சு, தானாச் சேர்ந்துக்கிட்டிருந்தாங்க. அதுல ஒரு பொறுப்பு இல்ல, ஒரு பதிவு இல்ல. இன்னைக்கு எங்களக் கேக்காம ஒரு புருஷன் ஒரு பொண்டாட்டிய விட்டுப் போக முடியாது. நாங்க சொல்லாம கூட இருக்கவும் முடியாது. இதுக்குப் பேருதான் நல்லிணக்கம்.”

படிப்பு அதிகாரி மெல்லக் கைதட்டினார்.

நிபந்தனைகளை வாசித்தார்கள். தொண்ணூறு நாளும் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. மீறினால் ‘பிரிந்தார்கள்’ முத்திரை நிரந்தரமாக விழும், பிறகு எந்த மேல்முறையீடும் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் இருவரும் வந்து தனித்தனிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு, என் வீட்டுக்காரர் ஏழு நாவல்களையும் படித்து, இறந்துபோன ஏழு பேரில் தான் யார் என்று அடையாளம் காட்ட வேண்டும். ஏழு புத்தகங்களையும் கயிறு கட்டி அவர் கையில் கொடுத்தார்கள்.

“பன்னண்டு வருஷ ஒப்பந்தம்மா,” என்றார் அவர் வெளியே வந்து. ஏதோ அவரே என் அலமாரியை உடைத்துவிட்டதுபோல முகம் சிறுத்திருந்தது.

அவர் கம்பெனியின் உதிரிபாக அறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். நான் வீட்டில் இருந்தேன். கணவன் மனைவி பிரிவைப் பற்றி ஏழு நாவல் எழுதியவளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. வீட்டில் யாரும் கதவை இடித்துக்கொண்டு வரவில்லை. யாரும் ஸ்பேனரைச் சாப்பாட்டு மேசையில் வைக்கவில்லை. எட்டாவது நாவலில் ஒரு வரி ஓடவில்லை. எனக்கு அவர் வேண்டியிருந்தது. அதற்கு மேல் இதில் நயமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் புதன்கிழமை கையெழுத்துப் போடப் போனேன். லிஃப்டில் ஏறினேன். கதவு மூடும் நேரத்தில் கருவிப் பையோடு அவர் உள்ளே நுழைந்தார். மூன்றாம் மாடி தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது.

“அய்யோ, என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. இந்தக் கட்டடம் எங்க கம்பெனி ஒப்பந்தம். இருபது நிமிஷம் ரிப்பேர்.” பையைத் திறந்தார். உள்ளே ஸ்பேனருக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா இருந்தது. “சாப்டியா?”

இப்படியாக ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பழுதானது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் முந்தின வாரம் படித்ததைச் சொல்வார். முதல் நாவலைப் படித்துவிட்டு, சிரிப்பில் கட்டிலிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். “அந்த நூத்துப் பதினாறு கட்டைவிரல் இருக்கே, அடிப்பாவி!” என்று தொடையில் தட்டிக்கொண்டார். எனக்குக் கிடைத்த மதிப்புரைகளில் அதுதான் சிறந்தது.

ஐந்தாவது புதன்கிழமை கதவு மூடுவதற்குள் தலைவரும் உள்ளே நுழைந்துவிட்டார். அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை, கோப்பில்தான் மனிதர்களைத் தெரியும் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் பதறிப்போய் எதையோ அழுத்தப் பார்த்தார். ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்திருந்தார். லிஃப்ட் சரியாக மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு சாப்பாட்டு டப்பாவின் மணம் தலைவரை எட்டியது. அவர் எங்களைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். நிறம் மாறியது.

“நீங்க அந்த ஏழு கொலை ஜோடியில்ல? தொண்ணூறு நாள் முடியலையே! ஒரே கூரைக்குக் கீழ...” என்று அண்ணாந்து பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “மேல இருக்கறது கூரையா?”

“நாங்க மொத்தமா இதைக் கூண்டுன்னு சொல்வோம் சார்,” என்றார் என் வீட்டுக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“கூண்டா? அப்ப இல்லறத்துக்கு எல்லா விதத்துலயும் பொருந்துதே,” என்றார் தலைவர் கவலையாக. “இதுக்கு ஒரு துணைக்குழு போட்டுத்தான் முடிவு பண்ணணும். அவங்க முடிவு வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நான் உங்களப் பார்க்கல.”

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவருக்கும் ஒரு மூடியில் சாப்பாடு வைத்துக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, “ஒண்ணு கேக்கலாமா?” என்றார். “நீங்க ரெண்டு பேரும் எதைப் பத்திப் பேசிக்குவீங்க?”

“எதைப் பத்தியும் இல்ல சார். சும்மா பேசிக்கிட்டிருப்போம்.”

“சும்மாவா? தலைப்பே இல்லாமயா?” அவரால் நம்ப முடியவில்லை. “எங்க வீட்டுல அப்படிக் கெடையாது. நான் ஒரு குறிப்பு எழுதிச் சாப்பாட்டு மேசையில வைப்பேன். அவங்க ‘பார்த்தேன்’னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைப்பாங்க. பதினோரு வருஷமா ஒரு கருத்து வேறுபாடு வந்ததில்ல. போன மாசம் ‘நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன்’னு அவங்க ஒரு குறிப்பு வெச்சிருந்தாங்க. நானும் ‘பார்த்தேன்’னு போட்டு வெச்சிருக்கேன். இன்னும் எடுத்துக்க வரல.”

லிஃப்ட் நகர்ந்தது. தலைவர் எழுந்து, மூடியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஏழாம் மாடியில் இறங்கி நல்லிணக்கத்தைக் கவனிக்கப் போனார்.

அதற்குப் பிறகு ஏதோ சரியில்லாமல் போயிற்று. வாரம் செல்லச் செல்ல என் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்தார். சாப்பாட்டு டப்பா வந்தது, சிரிப்பு வரவில்லை. பத்தாவது புதன்கிழமை நானே கேட்டேன்.

“எத்தனாவது படிக்கிறீங்க?”

“ஏழும் முடிஞ்சுது. திரும்ப முதல்லேர்ந்து படிக்கிறேன்.”

“எதுக்கு?”

“தேடறேன்,” என்றார். டப்பாவை மூடினார்.

பதினொன்றாவது புதன்கிழமை நான் லிஃப்டில் ஏறினேன். கருவிப் பை உள்ளே நுழையவில்லை. மூன்று தாண்டியது, நான்கு தாண்டியது, லிஃப்ட் எங்கும் நிற்காமல் ஏழாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. என் வாழ்க்கையில் ஒரு லிஃப்ட் ஒழுங்காக ஓடியதற்காக அழுதது அன்றைக்குத்தான். பன்னிரண்டாவது வாரமும் அது ஒழுங்காகவே ஓடியது.

என் புத்தகத்தைப் படிக்கிற கணவர்கள் எல்லோரும் அதில் தங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பதிப்பாளருக்கு வருகிற மிரட்டல் கடிதங்களில் பாதி அப்படிப்பட்டதுதான். இவரும் ஏழு முட்டாள்களில் ஒருவனைப் பார்த்து, இது நான்தான் என்று முடிவுகட்டிவிட்டார் என்றே நினைத்தேன். வாரியம் பிரித்தால் தொண்ணூறு நாள். நான் எழுதியது பிரித்தால் எத்தனை நாள் என்று எந்த விதியிலும் இல்லை.

தொண்ணூற்று ஒன்றாம் நாள் சேர்த்துவைக்கும் விழா. மைக், சிவப்பு விரிப்பு, புகைப்படக்காரர் எல்லாம் தயார். தலைவர் இருபது நிமிடம் பேசினார். வீட்டு ஆய்வாளர் முதல் வரிசையில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஏழு புத்தகங்களையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் இருந்தார். பக்கங்களுக்கு நடுவில் மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப் துண்டுகள் அடையாளத்துக்கு ஒட்டியிருந்தன.

படிப்பு அதிகாரி படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். “ஒன்பதாவது கட்டம். சண்டைக்குக் காரணம் என்ன? இல்லைன்னு சொல்லக் கூடாது. காரணம் இல்லாம பிரிஞ்சா சேர்த்து வைக்க முடியாது.”

“போன தடவை இல்ல சார். இப்ப இருக்கு,” என்றார் என் வீட்டுக்காரர்.

அறையில் எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வாரியத்தின் சரித்திரத்தில் நிஜமான ஒரு காரணம் வந்தது அதுதான் முதல் தடவையாம்.

“ஏழு புத்தகத்தையும் ரெண்டு தடவை படிச்சேன் சார். நீங்க அடையாளம் காட்டச் சொன்னீங்களே, அதுக்குத்தான். எங்க மாடி வீட்டுக்காரரு இருக்காரு. அவங்க அண்ணன் இருக்காரு. எங்க அத்தான் ஒரு அத்தியாயம் முழுக்கச் சத்தமாச் சாப்பிடறாரு. அஞ்சாவது புத்தகத்துல எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு நாலு பக்கம் சார். அது முனகறத என்னமா எழுதியிருக்கா! அந்த ஃபிரிட்ஜ ரிப்பேர் பண்ணினவன் நான். நான் எங்கயும் இல்ல. ஒரு வரி இல்ல. என் சட்டைகூட இல்ல.” என் பக்கம் திரும்பினார். “பன்னண்டு வருஷம் கூட இருந்திருக்கேன். எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஆளாம்மா நான்?”

நான் எழுந்துவிட்டேன்.

“மேடம், நீங்க பேசினா அது...” என்றார் தலைவர்.

“இன்னொரு புத்தகம்தானே? இருந்துட்டுப் போகட்டும்!” என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். “அதுக்காகவா ரெண்டு வாரம் வராம இருந்தீங்க? நான் அந்த லிஃப்ட்ல தனியா ஏழு மாடி போனேன்!”

“எந்த லிஃப்ட்?” என்றார் படிப்பு அதிகாரி. தலைவர் அவர் காலை மிதித்தார்.

“பேச்சை மாத்தாதே. ஏன் எழுதல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“என் புத்தகத்துக்குள்ள வந்த புருஷன் எவனாவது உயிரோட வெளிய போயிருக்கானா? சொல்லுங்க! எனக்குச் சாகடிக்கத்தாங்க தெரியும். மூணாவது நாவல்ல ஒரு தடவை உங்கள எழுதினேன். டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு குழிக்குள்ள எறங்கற மாதிரி ஒரே ஒரு வரி. அடுத்த வரி என்னன்னு என் கைக்குத் தெரிஞ்சுபோச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன். அன்னைக்கு உங்கள வேலைக்கே போகவிடல, ஞாபகம் இருக்கா?”

அவர் யோசித்தார். “உனக்குக் காய்ச்சல்னு சொன்னே.”

“எனக்கு ஒரு மண்ணும் இல்ல.”

விசில்காரப் பெண்மணி மூக்கை உறிஞ்சினார். என் வீட்டுக்காரர் புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டு, காதைச் சொறிந்துகொண்டார். வெட்கப்பட்டால் அப்படித்தான் செய்வார்.

“சாகாத மாதிரி ஒண்ணு எழுத முடியாதா?” என்று கேட்டார்.

“எனக்கு அது எழுத வராதுங்க.”

“முயற்சி பண்ணிப் பாரேன்.”

படிப்பு அதிகாரி ஒன்பதாவது கட்டத்தில் எழுதினார்: ‘மனைவி தன்னைக் கொல்லவில்லை என்று கணவருக்கு மனத்தாங்கல்.’ தலைவர் அதைப் படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நிபந்தனையும் சேர்த்தார். கணவர் கடைசி வரி வரை உயிரோடு இருக்கிற ஒரு கதையை மனைவி ஒரு வருடத்துக்குள் எழுதி, மூன்று பிரதிகள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கோப்பு மறுபடி திறக்கப்படும். ‘சேர்ந்தார்கள்’ முத்திரை விழுந்தது. புகைப்படக்காரர் எங்களை இன்னும் கொஞ்சம் பின்னால் நகரச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் மறுத்துவிட்டோம்.

ஆகவே வாரியத்தின் படிப்புப் பிரிவுக்கு இத்துடன் மூன்று பிரதிகள். அவர் சட்டை இதில் இல்லையே என்று அவர் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: நீலம், இடது பையில் மசகு எண்ணெய்க் கறை, எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. கணவர் இந்த வரி எழுதும்போது நலமாக இருக்கிறார். பக்கத்து அறையில், அதே சட்டையோடு, ஸ்டூலின் மேல் ஏறி நின்று பல்பு மாற்றுகிறார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கொஞ்சம் ஆடும். இங்கிருந்தே சத்தம் கேட்கிறது. என் கை அடுத்த வரிக்குத் தயாராகிவிட்டது. நான் பேனாவை மூடிவிட்டு ஸ்டூலைப் பிடிக்கப் போகிறேன்.